லோகேஷ் அழுத விதம்

ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் நிற்கிற லோகேஷைப் பார்த்தால், இவனா அந்தப் பாட்டைக் கேட்கிறவன் என்று யாரும் நம்பமாட்டார்கள். வெந்நீர் வரவில்லை என்று திட்டினாலும் சிரிப்பான். பனியில் ஒன்றுமே தெரியவில்லை, காசைத் திருப்பிக் கொடு என்று சண்டை போட்டாலும் சிரிப்பான். டூட்டி முடிந்து காதில் இயர்போனைச் சொருகினால்தான் அவனுக்கு உயிரே வரும்.

அவன் கேட்பது கிரைண்ட்கோர். கேட்டறியாத புண்ணியவான்களுக்குச் சொல்கிறேன்: மரம் அறுக்கிற மெஷின் நாலைந்தை ஓர் அறையில் ஓடவிட்டு, நடுவில் ஒருவனை நிறுத்தி அடிவயிற்றிலிருந்து கத்தச் சொன்னால் எப்படியோ அப்படி. டிரம்ஸ் அடிக்கிற வேகத்தில் அடி தனித்தனியாகக் காதில் விழாது. பாதிப் பாட்டுகள் மூக்கைச் சிந்துவதற்குள் முடிந்துவிடும். சேலத்தில் பாலிடெக்னிக் படித்தபோது அறைத்தோழன் அருண்குமார் கேட்கவைத்தான். முதல் நாள் தலைவலி, அப்புறம் பைத்தியம். யோசிக்க அதில் இடமே இல்லை என்பதுதான் அவனைப் பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் விழுங்கிய கோபத்தை அந்த வேகம் அடித்துக்கொண்டு போய்விடும்.

அப்படிக் கத்துகிற குரலையும் பழகினான். லீவு நாளில் கரடியூர்ப் பக்கம் ஆளில்லாத பாறைக்குப் போய்க் கத்துவான். காட்டுமாடு என்று பயந்து, காபிக்காட்டில் இருந்தவர்கள் ஒருமுறை கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். அவன் ஆசைப்பட்ட மோனிஷா வேறொருவனைக் கட்டிக்கொண்டபோதும் அங்கேதான் போனான். அழவில்லை, கத்தினான், ஆறிப்போனது. அழுகையே தனக்கு வேண்டியதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டான், பாவி.

அவன் அம்மா வேலம்மாள் வெள்ளக்கடையில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவள். ஒருநாள் அப்படி என்னதான் கேட்கிறான் என்று இயர்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“ஏங் கண்ணு, இதுல கத்தற பையனுக்கு எங்க வலிக்குதாம்?”

“வலியெல்லாம் இல்லம்மா, பாட்டு.”

“நொம்ப வலிக்குதாட்ட இருக்குது சாமி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போன கார்த்திகையில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப் அடிவாரம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். தப்பு அடித்தார்கள். பெண்கள் தோளோடு தோள் சேர்த்து அழுதார்கள். சேலத்தில் வாக்கப்பட்ட தங்கை சசிரேகா தரையில் புரண்டாள். வளைகாப்புச் சீர் போதவில்லை என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷமாக மலை ஏறாதவள் அவள். லோகேஷ் மட்டும் மரம் மாதிரி நின்றான். பெற்ற மகன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை என்று நாலு பேர் பேசியது அவன் காதிலும் விழுந்தது.

அவனுக்கே பயமாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் போய் இயர்போனை மாட்டினான். ஒரு பாட்டு முடிந்தது. இன்னொன்று முடிந்தது. ஒவ்வொரு பாட்டும் முடிகிற இடத்தில் அம்மா செத்துத்தான் கிடந்தாள். அந்தப் பாட்டுகளுக்குத் தெரிந்ததெல்லாம் கோபம். இங்கே அவன் யார்மேல் கோபப்படுவான்? அழவேண்டும், அம்மாவுக்காக ஒரு தடவையாவது அழுதுவிடவேண்டும் என்று தவித்தான். எப்படி அழுவது என்பது மறந்துபோயிருந்தது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அரிசியைக் கையில் எடுத்துக் குனிந்தான். அம்மாவின் விரலில் காபிக் கறை அப்படியே இருந்தது. அடிவயிற்றில் என்னவோ திரண்டு மேலே வந்தது. வாயைத் திறந்தான். வந்தது அழுகை அல்ல, அந்தக் குரல்.

தப்பு நின்றது. கூட்டம் பின்வாங்கியது. “நம்ம வேலம்மா வந்துட்டா! மகன் மேல எறங்கிட்டாளுங்க!” என்று பெரியம்மா கமலா கத்தினாள். அவன் தலையில் மஞ்சத்தண்ணியைக் கொட்டி நெற்றியில் திருநீறு அப்பினார்கள். சசிரேகா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, எம்மேல கோவமா? இந்தப் பாவிய மன்னிப்பியாம்மா?”

சசி, நான்தான், உன் அண்ணன் அழறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். நிமிர்ந்து பார்த்த அவள் முகம் அவனை விடவில்லை.

“கோவமில்ல கண்ணு” என்றான், கரகரத்த குரலில்.

ஊரே கைகூப்பியது. அப்புறம் அவனுக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அம்மாவாகவே ஆகிவிட்டவனுக்கு யாராவது அம்மா செத்ததற்கு ஆறுதல் சொல்வார்களா? சுடுகாட்டிலும் அழமுடியவில்லை. பிறகு ஒருநாள் கரடியூர்ப் பாறைக்குப் போனான். வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். அந்தக் குரல் இப்போது அவனுடையது இல்லை.

கருமாதி முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது சசிரேகா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் தெளிந்திருந்தது.

“அண்ணா, இன்னொருக்கா அம்மாவ வரச்சொல்லுங்ண்ணா. பாப்பாவுக்கு எப்பக் காது குத்தறதுன்னு கேக்கோணும்.”

லோகேஷ் அவள் கையைப் பிடித்தான். இவளிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போவோம் என்று தோன்றியது.

“சசி, அது அம்மா இல்ல. நாந்தான் அழுதேன்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி அவன் கன்னத்தைத் தடவினாள்.

“போங்ண்ணா. மனுசன் அப்படியா அழுவான்?”