மானுக்கு ஆகாத அந்துருண்டை

அமெரிக்காவில், விஸ்கான்சினில் வாசனையே இல்லாத சோப்பு என்று ஒன்றை விற்கிறார்கள். வாசனைச் சோப்பைவிட விலை அதிகம். வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அதைத் தேய்த்துத்தான் குளிக்க வேண்டும். துணிகளையும் வாசனையில்லாத தூளில் துவைத்து, பெட்டியில் பைன் இலைகளோடு மூடி வைக்க வேண்டும். காட்டுப்பாக்கத்தில் சந்தன சோப்பு, அதன்மேல் பவுடர், அதற்கும் மேல் சென்ட் என்று அடுக்கிக்கொண்டு ஞாயிறு பூசைக்குப் போன வம்சம் எங்களுடையது. பூந்தமல்லி பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே பக்கத்தில் நிற்பது யார் என்று சொல்லிவிடலாம். இங்கு வந்த புதிதில் என் கோட்டைச் சமையலறைக்கு எட்டாத இடத்தில் மாட்டக் கற்றுக்கொண்டேன். தாளிப்பு வாசனை அலுவலகம்வரை கூடவே வந்து, லிஃப்டில் ஆட்களை மூக்கைச் சுளிக்க வைத்தது. ஆக, மானுக்கு முன்பே மனிதர்களுக்காக வாசனையை மறைத்துப் பழகியவன் நான்.

வேட்டையில் என்னை இழுத்துவிட்டவன் கர்ட். என்னோடு வேலை செய்கிறவன், என் வயதுதான். அவனுக்குச் சொந்தமான சோளக்காட்டின் ஓரத்தில், மரத்தில் கட்டிய சின்ன இருக்கை ஒன்று உண்டு. நம்மூர்ப் பரணின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் துப்பாக்கிக்காரர்கள் எல்லாம் சுட்டு ஓய்ந்தபிறகு, மிச்சமிருக்கும் மான்கள் இலை அசைந்தாலே ஓடும். ஆனாலும் குளிரில் பசி தாங்காமல், பொழுது சாயும் நேரத்தில் சோளம் பொறுக்க வந்தே தீரும். அதுவரை நாம் மரத்தில் அசையாமல் உட்கார வேண்டும். மூச்சு மீசையில் பனிக்கட்டியாகும். எழும்பூர் ரயில் நிலையத்தில் இரவெல்லாம் காத்துக்கிடந்தவனுக்கே அது பெரிய சோதனைதான்.

சென்ற டிசம்பரில் அம்மா வந்தாள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் காட்டுப்பாக்கம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் குரல் கொடுக்கும்வரை தனியாகக் கிடந்தவள். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை, எனக்கோ இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என்னோடு இருந்துவிடு என்று கெஞ்சித்தான் வரவழைத்தேன். கிறிஸ்துமஸ் முடியட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். வந்த நாளிலிருந்து குறைதான். வெயில் இருக்கிறது, சூடு இல்லை. தெரு இருக்கிறது, ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே கறி.

"இன்னாடா, கறி பொட்டலத்துல செத்து கெடக்குது. இத்த வச்சு பிரியாணி பண்ணா ஏசுசாமி பொறக்கறதுக்கே யோசிப்பாரு."

காட்டுப்பாக்கத்தில் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலையிலேயே அம்மா பாய் கறிக்கடை வரிசையில் நிற்பாள். முன்னால் எத்தனை பேர் நின்றாலும் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் தலையாட்டுவார். அவளுக்கென்று நெஞ்செலும்பும் ஈரலும் தனியாக எடுத்து வைத்திருப்பார். வெட்ட வெட்ட, இது வேண்டாம், அதைப் போடு என்று அவள் அதிகாரம் பண்ணுவதைப் பார்த்தால் கடை யாருடையது என்று சந்தேகம் வரும். அந்த அதிகாரத்தை இங்கே கொண்டுவந்துவிட்டால் அவள் தங்கிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. புதுக்கறி நான் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மான் என்று சொன்னதும் நெஞ்சில் கை வைத்தாள். லைசென்ஸ் அட்டையைக் காட்டியும் நம்பவில்லை. காட்டுப்பாக்கத்தில் யாரிடமும் மூச்சு விடாதே, போலீஸ் வந்துவிடும் என்றாள்.

போலீஸைவிட அவளுக்குப் பெரிய பயம் என் காது. மார்கழியில் சென்னைக்காரர்கள் மாட்டுவார்களே, கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும் மங்கி குல்லா, அதை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தாள். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்தால் சமாளித்துவிடக்கூடிய குளிருக்காகப் பின்னிய குல்லா. அதை நான் போட்டுக்கொண்டு கிளம்பும்வரை வாசலை விட்டு அவள் நகரவில்லை. எனக்கும் கதகதப்பாகத்தான் இருந்தது. சோப்பு, துணி எல்லாம் சரி பார்த்த நான், அந்தக் குல்லா வருடக்கணக்காக இரும்புப் பெட்டியில் அந்துருண்டையோடு குடித்தனம் நடத்தியதை மறந்துபோனேன். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கும் வாசனை எனக்கு எங்கே தெரியப்போகிறது? மானுக்குத் தெரிந்தது. சோளக்காட்டுக்கு வந்த பெட்டை மான் தலையைத் தூக்கியது, முன்னங்காலால் தரையைத் தட்டியது, சீறியது, போய்விட்டது. அதோடு இருந்த கூட்டமும் போனது.

மரத்தடிக்கு வந்த கர்ட் குல்லாவை வாங்கி முகர்ந்து பார்த்தான். இது உங்கள் சர்ச் சம்பந்தப்பட்டதா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். இல்லை, துணியைப் பூச்சி அரிக்காமல் இருக்க என்றேன். அவன் சுற்றிலும் பனியை ஒரு பார்வை பார்த்தான்.

"நன்றாக வேலை செய்கிறது," என்றான்.

குல்லாவைத் துவைத்து வெளியே காயப்போட்டேன். பனியில் போட்ட துணியைப் போட்டால் ஜன்னி வரும் என்று அம்மா எடுத்து உள்ளே கொண்டுபோய், அக்கறையாகப் புது அந்துருண்டை இரண்டை வைத்து மடித்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அவள் கண்ணெதிரே அதை மாட்டிக்கொண்டு கிளம்பி, காரிலேயே கழற்றி வைத்துவிட்டு மரமேறினேன். காது இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வெளிச்சம் மங்கும்போது ஒரு பெட்டை மான் தனியாக வந்தது. விறைத்துப்போன தோளோடு வில்லை இழுத்தேன். தடித்த கோட்டின் கை நாணில் உரசிவிடுமோ என்ற பயம் வேறு. அம்பு போன சத்தம்தான் கேட்டது. இறங்கி, கர்ட்டை வரவழைத்து, இருவரும் பனியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அது ஒரு புதருக்கடியில் தூங்குவதுபோல் கிடந்தது. எனக்கு அழுகை வந்தது. கர்ட் தொப்பியைக் கழற்றினான். நான் சிலுவை போட்டுக்கொண்டேன்.

அங்கேயே வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்து, இருவருமாக இழுத்துவந்து அவனுடைய காரேஜில் தொங்கவிட்டோம். அம்மாவை அழைத்துவந்தேன். பயந்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவளோ சுற்றி வந்து, தொடையை அழுத்திப் பார்த்து, முதல் கேள்வியே ஈரல் எங்கே என்றுதான் கேட்டாள். காட்டிலேயே குடலோடு போட்டுவிட்டோம், நரிக்கு ஆகும் என்றேன்.

"ஈரலையும் குடலையும் நரிக்குப் போட்டுகினு வந்து நிக்கறீங்களே, இன்னா பொழப்புடா இது?"

கர்ட் என்னைப் பார்த்தான். மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அவள் விரலால் காட்டக் காட்ட, அவன் நெஞ்செலும்பைப் பிரியாணித் துண்டாக வெட்டினான். அன்று காரேஜ் யாருடையது என்று சந்தேகம் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இவள் இனிப் போக மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கர்ட் பிரியாணியை மூன்று தட்டு சாப்பிட்டான், மூக்கு ஒழுக ஒழுக. அவன் போனதும் அம்மா அண்டாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் ஊட்டுக்குப் போறேன் நைனா. ஒனக்கு இங்க யாரும் இல்லன்னு பயந்துகினு கெடந்தேன். குளுருல ஒங்கூட மானு இழுக்க ஆளு கீது. எனக்கு அங்க நெஞ்செலும்பு எடுத்து வைக்க ஆளு கீது."

நான் குளியலறையை ஞாபகப்படுத்தினேன். கைப்பிடி வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவளைப் பிடித்து வைக்கத்தான் மான் அடித்தேன், அதுவே அவளை வழியனுப்பிவிட்டது. அவள்மேல் கோபம் வந்தது.

ஜனவரியில் அவள் போனபிறகும் வேட்டைக்கு இன்னும் சில நாட்கள் பாக்கி இருந்தன. பெட்டியைத் திறந்தால், பைன் இலைகளுக்கு நடுவே என் உடுப்புமேல் மங்கி குல்லாவை அம்மா மடித்து வைத்திருந்தாள், உள்ளே அந்துருண்டைகளோடு. அதையே மாட்டிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்தேன். வில்லை மடியிலிருந்து எடுக்கவில்லை. காற்று என்னிடமிருந்து சோளக்காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாயும்போது ஒரு மான் வந்து, தலையைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்து, முன்னங்காலால் தரையைத் தட்டியது. இத்தனை வருடத்தில் இந்த ஊரில் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், நான் எங்கிருந்து வந்தவன் என்று தெரிந்துகொண்டது அது ஒன்றுதான்.