சுப்பம்மா முடிந்த புல்

நாலு பிடி அறுத்ததும் சுப்பம்மா கையை நிறுத்திவிடுவாள். எதிரே இருக்கும் புல்லை இடது கையால் விலக்கிப் பார்ப்பாள். உள்ளே காடை முட்டை கிடந்தால் அந்தத் தூரை அறுக்க மாட்டாள். நுனிப்புல்லைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள்.

பெருங்குடிப் புறம்போக்கிலிருந்து அடையாறு வரை தலைச்சுமையாகக் கொண்டுவந்து என் இரண்டு பசுக்களுக்கும் புல் போடுகிறவள் அவள். புல்லுக்கட்டை இறக்கியதும் மனுஷர்களிடம் பேச மாட்டாள். "இன்னா நைனா, பசிச்சுக்கினு கீறியா?" என்று பசுவைத்தான் கேட்பாள். பெண் மாட்டை நைனா என்னாதே என்று எத்தனை தரம் சொன்னாலும் ஏறாது. ஒரு சிட்டிகை மூக்குப்பொடி, ஒரு தும்மல், நடையைக் கட்டிவிடுவாள்.

அந்தப் புறம்போக்குத் திடலில் ஒரு பக்கம் கம்பு விதைக்க உழுதார்கள். ஒரு பக்கம் சவுக்கு நடக் குழி வெட்டினார்கள். நடுவில் கிராவல் தோண்டி லாரியில் ஏற்றினார்கள். எல்லோரிடமும் போய் நின்று, முடிச்சைக் கண்டால் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறாள். "குஞ்சு பொரிச்சா அது பாட்டுக்கு ஓடிப்பூடும். அப்பால நீ வந்து தோண்டிக்க" என்றாளாம், லாரிக்கார இனாயத்திடம். அவன் சிரித்துக்கொண்டே வண்டியை ஒடித்துத் திருப்பினானாம். ஏரும் விலகிப் போனது, குழியும் தள்ளி விழுந்தது.

எழுபத்துமூன்றாம் வருஷம் ஆடியில் கட்டு இளைத்துப் போய் வந்தது. முட்டை என்று சாக்குச் சொல்லி, நல்ல புல்லை முடிச்சுப் போட்டு வேறு வீட்டு மாட்டுக்கு ஒதுக்குகிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் விடுகிற ஆளா நான்? அரிவாளை எடுத்துக்கொண்டு நானே அவள் பின்னால் பெருங்குடிக்குப் போனேன். இடுப்பளவு பச்சையாக ஒரு தூர், தலையில் முடிச்சு. குனிந்தேன்.

"அக்கா, அத்த உட்டுரு. உள்ள உசுரு கீது."

உன் கதையை வேறு யாரிடமாவது சொல் என்று சொல்லிக்கொண்டே இழுத்து அறுத்தேன். தாய்க்காடை என் முகத்தை உரசிக்கொண்டு பறந்தது. ஐந்து முட்டையில் மூன்று போய்விட்டன. சொல்லவே நாக்குக் கூசுகிறது, ஒன்றில் குஞ்சு உருவாகியிருந்தது. தூரத்தில் லாரியை நிறுத்திவிட்டு இனாயத் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவளோ என் கையிலிருந்த அரிவாளை வாங்கி, அதில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்து, பிடி என் பக்கம் வரும்படி திருப்பி நீட்டினாள்.