குழாய் அக்கா குடிக்காத டீ

ஊரில் பாதிப் பேருக்கு அவர் மாஸ்டர். மீதிப் பேருக்குக் குழாய் அக்கா வீட்டுக்காரர். ரயில் நிலையத்துக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டி அவர் டீக்கடை. நாலு பேர் உள்ளே நின்றால் ஐந்தாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். உடுத்துவதிலோ பேசுவதிலோ அவருக்கு எந்தப் பெருமையும் கிடையாது. டீ விஷயத்தில் மட்டும் தலைக்கு மேலே பெருமை. "தூள் எங்க வாங்குறீங்க மாஸ்டர்?" என்று யாராவது கேட்டால் வலது கையை விரித்துக் காட்டுவார்.

"தூள்ல என்ன இருக்கு? எல்லாம் இதுல இருக்கு."

கையில் பழைய சூட்டுத் தழும்பும் டீக்கறையும்தான் இருக்கும். ஆனாலும் கேட்டவர் நம்பிவிடுவார். டீ அப்படி.

அந்த டீயை ஒரு வாய்கூடக் குடித்திராத ஒரே ஆள் அவர் மனைவி.

எல்லாம் தண்ணீரால் வந்த வினை. அந்தப் புறநகரில் குழாயைத் திறந்தால் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான் வரும். குடித்தால் சாக மாட்டோம் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல வார்த்தை கிடையாது. சோப்பு நுரைக்காது. வெள்ளைச் சட்டை நாலு துவைப்பில் பழுப்பாகிவிடும். ஷவரில் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்துக்கொண்டு வந்து, மிஞ்சிய ஒரே ஓட்டை பக்கவாட்டில் பீய்ச்சி, குளிக்க நிற்பவரை விட்டுவிட்டுச் சுவரைக் குளிப்பாட்டும். புதுப் பெண்ணாக வந்த வருஷமே சீப்பில் கொத்துக் கொத்தாக முடியைப் பார்த்தாள் அவள். அன்று ஏறிய கோபம் இறங்கவே இல்லை. வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேரே தண்ணீர் அலுவலகத்துக்குப் போய், இன்ஜினியரின் மேசைமேல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்து மேசை நிறைந்தது.

"எங்க வயித்துக்குள்ள போறதுல பாதி இது சார். உங்க பங்கை நீங்க வெச்சுக்குங்க."

அன்றைக்கு வந்த பெயர்தான் குழாய் அக்கா. போன சூட்டோடு, "நல்ல தண்ணி வர்ற வரைக்கும் நான் டீயைத் தொட மாட்டேன்" என்று அலுவலக வாசலிலேயே சபதமும் போட்டுவிட்டாள். ஆவேசத்தில் வாயில் வந்தது அது. ஆனால் சொன்ன சொல்லை விழுங்குவது அவளுக்குப் பழக்கமில்லை. அவள் கெட்ட நேரம், மறு வருஷமே கணவர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு டீக்கடை திறந்தார்.

அவள் அலுவலகத்துக்கு நடந்தாள், தெருப் பெண்களைத் திரட்டினாள், நடையாய் நடந்து இன்ஜினியரையே தன் பக்கம் இழுத்துவிட்டாள். மாஸ்டர் டீ போட்டார். ஊர் மெச்சியது. "ஊரு மெச்சி என்னடா பண்றது? உங்க அக்கா ஒரு வாய் குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். எனக்கு அது போதும்" என்று மச்சானிடம் மட்டும் சொல்லிப் புலம்புவார். மச்சான் என்றால் அவள் தம்பி. அந்த உப்புத் தண்ணீரை ஏற்றும் பம்பு அறைக்கு ஆபரேட்டர். அக்கா திட்டும் தண்ணீரைத் தம்பி அனுப்பிக்கொண்டிருந்தான். குடும்பம் என்றால் அப்படித்தான்.

ஒன்பது வருஷம் கழித்து, தொலைவிலிருந்த ஏரியிலிருந்து புதுக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. தெருவே கூத்தாடியது. மாடி வீட்டு அம்மா பழைய பழக்கத்தில் சோப்புத்தூளை அள்ளிக் கொட்ட, நுரை வாஷிங் மெஷினை விட்டு இறங்கி, மாடிப்படி வழியாகத் தெருவுக்கே வந்துவிட்டது. குழாய் அக்கா வினிகர் ஊற்றிக் கடைக் கெட்டிலைப் பளபளவென்று தேய்த்து வைத்தாள். அத்தனை பேர் பார்க்க, மாஸ்டர் புதுத் தண்ணீரில் முதல் டீயைப் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

அவள் உறிஞ்சினாள். கண் ஒரு நொடி இறுக மூடித் திறந்தது.

"நல்லாருக்குங்க," என்றாள்.

பாதி கிளாஸை வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டாள். மாஸ்டர் மிச்சத்தை எடுத்துக் குடித்துப் பார்த்தார். வேப்பங்காய். அடுத்தடுத்துப் போட்டதும் அதே கசப்பு. "இன்னைக்கு உங்க கை சரியில்லையே மாஸ்டர்," என்றார் வாடிக்கைக்காரர் ஒருவர். மாஸ்டர் தன் வலது கையைப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. மாறியது தண்ணீர் மட்டும்தான். இத்தனை வருஷமாக ருசி இருந்தது கையில் இல்லை, அந்தப் பாழும் தண்ணீரில்தான் என்று தோன்றியதும் ஆள் அப்படியே இடிந்துபோனார்.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு பம்பு அறைக்குப் போனார். பூங்காச் செடிகளுக்காகப் பழைய பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைக் கிணத்துலயே இறக்கிடுவா," என்றான் மச்சான்.

"ஒரு தடவைதான்டா. அவ ஒரு நல்ல டீ குடிக்கட்டும்."

அன்று அவள் முழு கிளாஸையும் குடித்தாள். கண் மூடவில்லை, விரிந்தது. வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? நல்ல தண்ணியோட மகிமைன்னா இதுதான்!" என்று முழங்கினாள். மாஸ்டர் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார். ஆசைப்பட்ட பாராட்டு காதில் விழுகிறது, ரசிக்க முடியவில்லை. ஒரு தடவை தினமும் ஆனது. விடிந்தால் கேன், சைக்கிள், மச்சானின் முணுமுணுப்பு.

அவளோ சும்மா இருக்கவில்லை. இன்ஜினியரையும் தெருப் பெண்களையும் ஒரு நாள் மாலை கடைக்கு அழைத்துவிட்டாள், புதுத் தண்ணீர் டீ குடிக்க. அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, கெட்டிலில் இருந்ததைச் சாக்கடையில் கொட்டினாள். "பழசு எதுக்கு? குழாய்ல புதுசாப் பிடிக்கறேன்." கொட்டியவள் உள்ளே பார்த்தாள். அப்படியே நின்றாள்.

கெட்டிலின் அடியில் வெள்ளைப் படலம்.

"கலக்கறாங்க," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, அவள் கத்தினால்கூடத் தேவலை. "புதுத் தண்ணியில பழசைக் கலந்து விடறாங்க. என் கையால தேய்ச்ச கெட்டிலுங்க இது! வரட்டும் அந்த இன்ஜினியர். எல்லார் முன்னாடியும் கேக்கறேன்."

இன்ஜினியர் வந்தால் அதே இடத்தில் குழாய்த் தண்ணீரைச் சோதித்துக் காட்டிவிடுவார் என்று மாஸ்டருக்குத் தெரியும். ஒன்பது வருஷம் கட்டிக் காத்த அவள் பேச்சு ஒரே நிமிஷத்தில் சந்தி சிரிக்கும்.

"அவர் கலக்கலம்மா. நான்தான்," என்றார்.

சொல்லத் தொடங்கியதும் எல்லாமே கொட்டிவிட்டது. கேன், பம்பு அறை, சைக்கிள்.

"நான் ஊரை விட்டுத் துரத்தின தண்ணியை நீங்க சைக்கிள்ல வெச்சுக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"முதல் நாள் உன் மூஞ்சியைப் பாத்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து நீ குடிச்ச டீ அது. எனக்குத் தாங்கலம்மா. என் கையில ஒண்ணும் இல்ல. எல்லாம் அந்தத் தண்ணிதான்."

"அன்னைக்கு டீ கசந்துச்சு," என்றாள் அவள். "சொல்ல மனசு வரல. அதனால நானும்தான் பொய் சொன்னேன். தம்பியை அப்புறம் கவனிச்சுக்கறேன். எவ்வளவு தூள் போடுவீங்க, காட்டுங்க."

கரண்டி நிறைய, கோபுரமாக அள்ளிக் காட்டினார். கொதிக்க விடும் நேரத்தையும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாடி வீட்டு அம்மா சோப்புத்தூள் போட்ட கதைதான் இதுவும். அந்தத் தண்ணியோட நான் ஒருத்திதான் சண்டை போட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன். நீங்களும் தினம் போட்டிருக்கீங்க. உப்புத் தண்ணியில சாறு இறங்கணும்னுதான் இவ்வளவு தூள், இவ்வளவு கொதி. சண்டைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்குங்க ஓங்கின கையோட நிக்கறீங்க?"

மாஸ்டர் கரண்டியைப் பார்த்தார். பாதியைத் திரும்ப டப்பாவில் தட்டினார். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறக்கினார்.

அதற்குள் இன்ஜினியரும் பெண்களும் வந்துவிட்டார்கள். "இருங்க, முதல்ல எனக்கு," என்று அவள் கிளாஸை வாங்கினாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாகக் குடித்தாள்.

"எப்படிக்கா?"

"சுமார்."

பெண்கள் பதறிப்போய் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அந்தச் சுமார் ஏரிக்கும் சொந்தமில்லை, ஆழ்துளைக் கிணற்றுக்கும் சொந்தமில்லை. முழுக்க முழுக்க அவருடையது, அதில் பொய்யும் இல்லை. இத்தனை நாள் ஊர் கொடுத்த பாராட்டு ஒன்றுகூட இப்படி இனித்ததில்லை.

அவள் காலிக் கிளாஸை அவர் முன்னால் நீட்டினாள்.

"இன்னொண்ணு போடுங்க. தூள் ஒரு துளி கூட இருக்கட்டும்."