பல்லில் கடித்த பறி

அனுப்பம்பட்டில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் ஒரு பறி ஆணியில் தொங்குகிறது. பனையோலையில் பின்னிய சிறிய கூடை. பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்வார்கள். இந்த விளிம்பில் இருப்பது என் சின்னம்மாவின் பல் தடம். ரயில் போகும்போது சுவர் அதிர்ந்து பறி லேசாக ஆடும். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஏழாவதோடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, லாரி, மீஞ்சூர்ப் பக்கம் ஒப்பந்தக் கூலி என்று அலைந்தேன். வேலை போகும்போதெல்லாம் சின்னம்மா வீட்டில் வந்து விழுவேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்டதில்லை. ஒரு பழைய பறியைக் கையில் கொடுத்துத் தண்ணீரில் இறங்கச் சொல்வாள். பெண்கள் வரிசையாகக் குந்தி, கழுத்துவரை அமிழ்ந்து, இரண்டு கைகளையும் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. முன்னால் ஒரு கை போனால் இறால் பின்பக்கமாகத் துள்ளும். அங்கே மறு கை காத்திருக்கும். பிடித்தது வாயிலிருக்கும் பறிக்குள் போகும். வேலை முடியும்வரை யாரும் பேச முடியாது. பல்லைக் கடித்தபடி மூக்கால் விடும் மூச்சு மட்டும் ஏரிமேல் கேட்டுக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவனுக்குத் தண்ணீரே மூச்சு விடுவது போலிருக்கும்.

சின்னம்மாவுக்கு ஒரே மகன். என்னைவிட இளையவன். மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து, ஏரித் தண்ணீரைக் கடல் இழுத்துக்கொண்டிருந்த நாளில், அவன் படகில் தனியாக வலை போட்டுக்கொண்டிருந்தான். சின்னம்மா எட்டத்தில் இறால் துழாவிக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில் "ம்மா" என்று ஒரு முறை கூப்பிட்டான். அவள் வாயில் நிறைந்த பறி, கைகளுக்கு நடுவே ஓர் இறால். வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்ததெல்லாம் போய்விடும். கையிலிருந்ததைப் பறியில் போட்டுவிட்டுத் தலையைத் திருப்பினாள். படகு மட்டும் நின்றது.

உடல் கிடைக்கவில்லை. அப்படிப் போனவர்களுக்கு எங்கள் பக்கத்துச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்து சிலுவை நடுவார்கள். சின்னம்மா சட்டையைத் தர மறுத்துவிட்டாள். "நான் ஏன் குரல் குடுக்கலன்னு அவனுக்குத் தெரியாது. அது தெரியாம எப்படி மண்ணு போடுறது?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தேவ அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பெற்றவள்கூடப் பிள்ளையை மறந்துபோகலாம், கர்த்தர் மறப்பதில்லை. நாம் கூப்பிடும் முன்பே அவருக்குக் கேட்கும் என்றார். நல்ல மனிதர்தான். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் என்பதை அவர் யோசிக்கவில்லை. சின்னம்மா எழுந்து நின்றாள்.

"நான் மறக்கல பாஸ்டர். எனக்குக் கேட்டுச்சு. அவருக்கும் கேட்டிருக்கும். அவரு ஏன் வாயத் தொறக்கல?"

கர்த்தருடைய சித்தம் என்று அவர் தொடங்கினார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு சபைக்கு வரவில்லை. ஏரிக்கு மட்டும் போனாள், அதே இடத்துக்கு.

கொஞ்ச காலம் கழித்து நானும் அந்த வரிசையில் இருந்தேன். உச்சி வெயில், காற்றே இல்லை. தூரத்தில் பூநாரைகள் தலை கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அப்போது "ம்மா" என்று கேட்டது. பக்கத்தில் படகு இல்லை, ஆள் இல்லை. பூநாரைகள் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. எங்கள் மூச்சுச் சத்தம் முழுவதும் நின்றது. தண்ணீருக்கு மேலே கழுத்துகளும், பறி கடித்த முகங்களும். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சின்னம்மா கண்களை மூடிக்கொண்டிருந்தாள். தாடை மட்டும் இறுகியது. பிறகு ஒவ்வொருவராக மூச்சு விடத் தொடங்கினோம்.

கரையில் அவள் என்னிடம் கேட்டாள். "உனக்குக் கேட்டுதா, நைனா?"

கேட்டது என்றேன்.

"அப்புறம் ஏன் குரல் குடுக்கல?"

"வாயில பறி கீதே சின்னம்மா."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கர்த்தருக்கும் அப்படித்தான்டா. ரெண்டு கையும் சேத்துல. வாயில பறி. தொறந்தா அதுவரைக்கும் புடிச்ச சனமெல்லாம் போயிடும்."

பக்கத்து வீட்டுக்காரி சேலையைப் பிழிந்துகொண்டே, "பறியில போன எறா கொழம்புக்குத்தான் போவும். உன் சாமி நம்மள இன்னா பண்றதா உத்தேசம்?" என்றாள். வழக்கமாகச் சிரிப்பவர்கள் சிரிக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாதுடி. பறி மூச்சுக்குப் பக்கத்துல கீது. அது தெரியும்," என்றாள் சின்னம்மா. "என் புள்ள இந்நேரம் அதுக்குள்ள கீறான். வாய் ஏன் தொறக்கலன்னு பாத்திருப்பான்."

அந்த வாரமே பாஸ்டரிடம் கர்த்தரின் பறியைப் பற்றிச் சொல்லிச் சட்டையைக் கொடுத்தாள். வேதத்தில் அப்படி எங்கும் சொல்லவில்லையே என்று பாஸ்டர் தயங்கினார். "எழுதுனவங்கள்ல வலை போட்டவன் இருந்திருப்பான் பாஸ்டர். எறா தடவுனவ ஒருத்தியும் இல்ல," என்றாள். அவர் ஜெபம் செய்து மண்ணைப் போட்டார்.

அதற்குப் பிறகு போன ஊர்களில் தேவ அன்பைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். வெளிச்சம் என்பார்கள், நிழல் என்பார்கள், தகப்பனின் தோள் என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். சின்னம்மா சொன்னதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. நம்மைச் சேற்றுக்குள் துழாவிக்கொண்டே வரும் அன்பு. முன்னால் வரும் கையைக் கண்டு பின்னால் துள்ளினால் அங்கேயும் ஒரு கை. சூளையிலிருந்து லாரிக்கு, லாரியிலிருந்து கம்பெனிக்கு என்று நான் துள்ளியதும் பின்பக்கமாகத்தானோ என்று தோன்றும்.

சின்னம்மா காய்ச்சலில் இறந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது எனக்கென்று மிச்சம் இருந்தது இந்தப் பறி. போன மழைக்குப் பிறகு அதை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனேன். அவள் குந்தும் இடத்தில் குந்தி, விளிம்பில் அவள் பல் பதிந்த இடத்திலேயே கடித்தேன். உப்புக் கரித்தது. நெடுநேரம் துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. உச்சி வெயில் ஏறியதும் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சின்னம்மா" என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. காற்றும் இல்லை. பறி என் கையில்தான் இருந்தது. என் வாய் திறந்திருந்தது. ஆனாலும் என் பிடரிக்கு மிக அருகில், பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கால் விடும் மூச்சு கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைகளை மறுபடி சேற்றில் விட்டேன்.