ஃபிலொமேனா பள்ளி தேடிய கதை

ஃபிலொமேனா எங்கள் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரமே எனக்கும் அவளுக்கும் சண்டை. அவள் மகன் தொமே, பள்ளி விட்டதும் என் மகன் விக்கோவோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கம்போல மழைக்கோட்டை மாட்டி இரண்டு பேரையும் தோட்டத்துக்குத் துரத்திவிட்டேன். கூட்டிப்போக வந்தவள், தலைமுதல் கால்வரை சேறாக நின்ற பிள்ளையைப் பார்த்து வெடித்தாள்.

"இந்த மழையில எங்க ஊர்ல நாயைக்கூட வெளிய விடமாட்டோம்!"

"இங்க மழை நிக்கட்டும்னு காத்திருந்தா, பிள்ளைக்குக் கல்யாண வயசே வந்துடும்மா," என்றேன்.

இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம்தான். சண்டைக்கு அது போதும். மறுநாள் முட்டைப்பாகு வைத்துச் சுட்ட பண்டம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

போர்ச்சுகலில் மருந்துக்கடை வைத்திருந்தவள். கணவன் துவார்த்தேவுக்கு எங்கள் ஊர்க் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் டென்மார்க் வந்தாள். அவள் கவலையெல்லாம் தொமேதான். அங்கே ஓயாத வாயாடியாக இருந்த ஏழு வயதுப் பிள்ளை, இங்கே வகுப்பில் சேர்ந்து ஆறு மாதமாகியும் ஒரு வார்த்தை டேனிஷ் பேசவில்லை. "அவசரப்படாதீங்க," என்பார் ஆசிரியர் தோர்பன். அந்த மனுஷன் வீடு தீப்பிடித்தாலும் அதைத்தான் சொல்வார்.

ஃபிலொமேனா ஒரு பள்ளி விடாமல் ஏறி இறங்கினாள். பக்கத்து ஊரில் பெற்றோர்களே நடத்தும் சின்னப் பள்ளிக்குப் போய்விட்டு வந்து, "படிப்பைவிட ஆடு மேய்க்கிறதுதான் ஜாஸ்தியா இருக்கு," என்றாள். கடைசியில் மிஞ்சியது நகரத்தில் இருந்த ஆங்கிலப் பள்ளி. செலவு கணவனின் கம்பெனியுடையது. ஆனால் விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டியபிறகுதான் பிள்ளை வீடு திரும்பும். ஒரு இடம் காலியாக இருந்தது; திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, விளையாட்டுக் குழு அவள் வீட்டில். எங்கள் பள்ளியில் வகுப்பை ஐந்தைந்து பிள்ளைகளாகப் பிரித்து, சேர்ந்து விளையாடிச் சாப்பிட முறைபோட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புவார்கள். "நீயும் வா. டேனிஷ் பேச ஒரு வாய் வேணும்," என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

போய்ப் பார்த்தால் கல்யாண விருந்து! மத்தியான ரொட்டியே இன்னும் செரிக்காத பிள்ளைகள் முன்னால் உப்புமீன் சோறு ஆவி பறந்தது. ஆளுக்கு இரண்டு கரண்டி கொறித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். தொமே அம்மாவை ஒட்டிக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பின்கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே விரட்டினேன். ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. ஃபிலொமேனா என்னை முறைத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத்திலிருந்து ஒரு குரல். சுத்தமான டேனிஷில், எங்கள் ஊர் இழுவையோடு, காது கூசும் வசவு. விக்கோதான் என்று எண்ணி, கண்டிக்க ஜன்னலைத் திறந்தேன். கொட்டகைக் கூரைமேல் நின்று தொமே கத்திக்கொண்டிருந்தான்.

ஃபிலொமேனா குழாயை மூடினாள். "என்ன சொல்றான், போடில்?" என்று என்னைக் கேட்டாள்.

"விக்கோ கள்ளாட்டம் ஆடுறானாம். திட்டுறான்."

"நல்ல வார்த்தையா?"

"நல்ல வார்த்தை இல்ல."

"தப்பில்லாம பேசுறானா?"

"என் மாமனார் மாதிரியே பேசுறான்!"

சிரித்துக்கொண்டே கதவுக்கு ஓடினாள். அம்மாவைக் கண்டதும் அவன் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. அவள் சிரிப்பும் அத்தோடு நின்றது.

வீட்டுக்கு வந்து விக்கோவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, அவன் பேசுவானா?"

"பேசுவானே. நீ கேக்கவே இல்லியே."

சனிக்கிழமை காலை வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள் ஃபிலொமேனா. முகம் வீங்கியிருந்தது. ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று ராத்திரி மகனிடம் மெதுவாகக் கேட்டாளாம்.

"என்ன சொன்னான் தெரியுமா? 'நான் இவங்க பாஷை பேசினா தோர்பன் உங்கிட்ட சொல்லிடுவார். அப்புறம் நாம இங்கயே இருந்துடுவோம். நீ குளியலறையில தண்ணியத் திறந்துவிட்டு அழுதுட்டே இருப்பே'ன்னு." அவள் மூக்கைச் சிந்தினாள். "அவனுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன், போடில்."

எழுந்துபோய் அவளுக்குக் காப்பி ஊற்றினேன்.

அவளே நிமிர்ந்தாள். "இத்தனை நாளும் தப்பான ஆளுக்குப் பள்ளிக்கூடம் தேடியிருக்கேன். எனக்கு ஒண்ணு சொல்லு. பெரியவங்க படிக்கிற எடம்."

நூலகத்தை ஒட்டி இருக்கிறது, வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கான மொழி வகுப்பு. திங்களன்று நகரத்துப் பள்ளிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். செவ்வாய் சாயங்காலம் நானே காரில் கூட்டிப்போனேன். பின்சீட்டில் பிள்ளைகள் இருவரும்.

வாசல்வரை போனவள், கைப்பையை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே போகிற வழியாயில்லை. தொமே கார்க் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். தெருவே கேட்கும்படி டேனிஷில் கத்தினான்:

"உள்ள போம்மா! ஒண்ணும் ஆகாது!"

நான் இறங்கி அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"புரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.