போட்டவுடன் ஓடும்

எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு டிஸ்க் பெட்டியையும் ஒட்டுவதற்கு முன் சுஜீவனி அக்கா காதருகே வைத்து ஒரு தரம் குலுக்குவார். ஆறு வருடம் பக்கத்து மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். டிஸ்க் பிடியிலிருந்து கழன்று கிடந்தால் சத்தம் கேட்குமாம். தொலைபேசியில் யாரோடாவது சண்டை பிடித்துக்கொண்டிருந்தாலும் கை தன் பாட்டில் குலுக்கும். ஒருநாள் மத்தியானம் வாங்கி வந்த மீன் பணிஸ் பெட்டியையும் குலுக்கினார்.

கடை என்பது கிரிபத்கொடையில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. வீடியோ விளையாட்டு டிஸ்க்குகளை, புதியதும் பழையதுமாக, முகநூல் பக்கம் வழியாக விற்றோம். முதலாளி ருக்மல் அண்ணா. பார்சல் கட்டுபவர் அக்கா. நான் மேலாளர். குருநாகல் பாதையில் தனியார் பஸ் கொண்டக்டரான அப்பாவின் மகன், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ‘ஹசித கொழும்புப் பக்கம் கம்பனி நடத்துறான்’ என்று அம்மா ஊரில் சொல்லியிருந்தார். நானும் திருத்தவில்லை.

போன ஒக்டோபரில் ருக்மல் அண்ணா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“பத்துப் பார்சல் போனா நாலு திரும்பி வருது. கூரியர்காரன்தான் பணக்காரனாகிறான். ஜனவரியிலிருந்து ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் தர ஏலும். சித்திரைப் புதுவருசத்துக்குள்ள சரிவரல்லன்னா நான் கொரியாவுக்கு வேலைக்குப் போற சோதனை எழுதிட்டுப் போயிடுவேன்.”

அந்த ஒரு ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் இருபத்தாறு பக்கத் திட்டம் ஒன்று தயாரித்தேன். தள்ளுபடி அட்டை, புள்ளி சேர்க்கும் முறை, காசு கட்டி விளம்பரம், வரைபடம், எல்லாம் இருந்தன. அந்த வாரம் முழுவதும் அக்கா பொருளைத் திருப்பி அனுப்பியவர்களோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார்.

“அவங்களோட என்னக்கா இவ்வளவு கதை?”

“ஏன் திருப்பினீங்கன்னு கேட்டேன்.”

“அதுதான் சீட்டில எழுதியிருக்கே. டிஸ்க் பழுது.”

“டிஸ்க்ல ஒரு பழுதும் இல்ல தம்பி. உள்ள போட்டதும் அம்பத்திரண்டு ஜிபி இறக்கச் சொல்லிக் கேட்டிருக்கு. அந்த மனுசனுக்கு மாசத்துக்கே நாப்பதுதான். அதுலயும் பாதி நடுச்சாமத்துல மட்டும் ஓடுற டேட்டா. எங்க வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான் வந்தது. நாலு நாள் அந்தக் கோடு நகருறதப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோவ வெளிய எடுக்கவே இல்ல.”

மறுநாள் அக்கா கடையிலிருந்த பழைய விளையாட்டு இயந்திரத்தின் இணைய வயரைக் கழற்றினார். இருப்பிலிருந்த டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு, முதல் ஆட்டம் தொடங்குகிறதா என்று பார்த்தார். பிறகு பழைய பெட்டிகளைக் கிழித்து அட்டையாக்கி, சிவப்புப் பேனாவால் எழுதினார். ‘போட்டவுடன் ஓடும்.’ அல்லது, ‘முதலில் 52 ஜிபி கேட்கும். யோசித்து வாங்குங்க.’ அட்டையை டிஸ்க்கின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தார். ‘விலைக்கு இன்பாக்ஸ் வாங்க’ என்று ஊரே எழுதிக்கொண்டிருந்தபோது அட்டையின் அடியில் விலையையும் போட்டார்.

“எங்கட சாமானோட குறைய நாங்களே எழுதி வைக்கிறதா? நான் படிச்ச எந்தப் புத்தகத்திலயும் இப்படி இல்ல அக்கா.”

“கார்மென்ட்ஸ்ல எட்டு வருசம் தைச்சதுல குறை பார்க்கிற செக்கரா இருந்தேன் தம்பி. நாங்க சொல்லாத குறைய வாங்கினவன் சொல்லிட்டான். அதுதான் அந்த மூலையில குவிஞ்சு கிடக்கு. போய் எண்ணிப் பாருங்க.”

ருக்மல் அண்ணா சிரித்தார். “ஹசித, உன் இருபத்தாறு பக்கத்தையும் கொஞ்சம் கொண்டு வா. பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? அக்காவுக்கு அட்டை முடியப்போகுது.”

அன்று நானும் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போது கன்னம் வலித்தது.

நவம்பர் முடிவதற்குள் திரும்பி வருவது பத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. 52 ஜிபி கேட்கும் டிஸ்க்குகளும் விற்றன. வீட்டில் நல்ல இணைய வசதி உள்ளவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். வாடிக்கையாளர்கள் ‘சிவப்புப் பேனா அக்கா இருக்கிறாரா?’ என்று கேட்டு எழுதத் தொடங்கினார்கள். என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. ஒருநாள் நான் அழகான எழுத்தில் ஓர் அட்டை எழுதிப் படம் போட்டேன். அரை மணி நேரத்தில் மாத்தறையிலிருந்து ஒருவர், ‘இது அந்த அக்கா எழுதினது இல்லையே? சரியாப் பார்த்தீங்களா?’ என்று கேட்டார்.

இரவெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் தவறியவர் அவர். அக்காவும் பட்டதாரியாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன். எரிந்திருக்காது. அந்தப் பதில்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்கா ஒரு நாளைக்கு ஆறு டிஸ்க் பார்ப்பார். அதற்கு மேல் நேரம் போதாது. டிசம்பரில் அவர் ஒரு கலியாணத்துக்கு லீவு போட்ட அன்று நான் பதினொன்று எழுதினேன். இயந்திரத்தில் போட்டுப் பார்க்கவில்லை. இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்து எழுதினேன். இந்தமுறை அக்காவின் கோணல் எழுத்தைப் போலவே எழுதினேன்.

ருக்மல் அண்ணா மாலையில் எண்ணிப் பார்த்து முதுகில் தட்டினார். “பதினொண்ணா? பரவாயில்லையே.”

இரண்டு வாரம் கழித்து மகியங்கனைக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து விமலவத்தி டீச்சர் தொலைபேசி எடுத்தார். கணவர் கால் முறிந்து கட்டிலில் கிடக்கிறார், அவருக்காகக் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று வாங்கினோம், ‘போட்டவுடன் ஓடும்’ என்றுதான் அட்டையில் இருந்தது, போட்டால் முப்பது ஜிபி கேட்கிறது என்றார். அவர்கள் வீட்டில் கதைப்பதற்கே வயல் வரம்புக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்குமாம். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம்.

அக்கா அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் அது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியாதா?

“என் பிழைதான் டீச்சர்,” என்றார். “டிஸ்க்கத் திருப்பி அனுப்புங்க, காசு வந்துரும். அது போக, உங்க ஐயாவுக்கு நான் ஒரு விளையாட்டுக் கடன். வயர் இல்லாம ஓடுற நல்லதா ஒண்டு வரட்டும். நானே போட்டுப் பார்த்து அனுப்புறேன்.”

ருக்மல் அண்ணா, “அக்காவுக்கும் கை தவறுமா?” என்று கேட்டார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஜனவரிக்குப் பத்து நாள் இருந்தது. கூரியர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அண்ணா இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன். “ஏனக்கா அப்படிச் சொன்னீங்க?”

“பின்ன? அட்டை ரெண்டு பேர் எழுதுறதுன்னு தெரிஞ்சா ஒருத்தனும் நம்ப மாட்டான். இனி பார்க்காம எழுதாதீங்க. எழுதினா உங்க எழுத்திலயே எழுதுங்க. நான் இவ்வளவு அசிங்கமா ‘ஓ’ போடுறதில்ல.”

கோபத்தைக் காணவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஜனவரியில் ஒரு ஆள் போதும் என்ற பேச்சே எழவில்லை. இரண்டு சம்பளத்துக்கும் வியாபாரம் இருந்தது. என்னைக் காப்பாற்றியதும் அந்தச் சிவப்புப் பேனாதான். பெப்ரவரியில் நுகேகொடையில் ஒரு பெரிய கடை அக்காவை ஒன்றரை மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டது. ருக்மல் அண்ணா கெஞ்சிப் பார்த்தார். அக்கா எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கித் தந்துவிட்டுப் போனார். அன்று மாலை அண்ணா என்னிடம், “இனி நீதான்,” என்றார். நான் விரும்பிய இடம்தான். எதிரே யாரும் நிற்காதபோது கிடைத்தது.

டீச்சருக்குச் சொன்ன விளையாட்டை அக்கா அனுப்பவில்லை. டிசம்பருக்குப் பிறகு வந்த கார் விளையாட்டு எல்லாமே இணையம் கேட்டது. பொருத்தமானது வருவதற்குள் அவர் போய்விட்டார்.

டீச்சர் மாதம் ஒருமுறை வரம்பிலிருந்து கூப்பிடுகிறார். போன கிழமையும் கூப்பிட்டார்.

“சுஜீவனி இருக்கிறாவா மகன்?”

“இல்ல டீச்சர். வேலைய விட்டுட்டா. நான் அனுப்புறேனே. ஒண்டு வந்திருக்கு, நானே வயரைக் கழட்டிப் போட்டுப் பார்த்தேன். சத்தியமா ஓடுது.”

“வேணாம் மகன். இவருக்குக் கால் கட்டும் பிரிச்சாச்சு, அவசரமில்ல. அந்தப் பிள்ளதான் தாறேன்னு சொன்னா. அவ பார்த்து அனுப்பட்டும். நம்பர் இருந்தாத் தாங்களேன்.”

நம்பர் என் கைப்பேசியில் இருந்தது. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த அட்டையை எழுதியவன் நான்தான் என்று சொன்னால், கடன் என்னுடையதாகிவிடும். அதற்குப் பிறகாவது நான் அனுப்புவதை அவர் வாங்கிக்கொள்வாரா?

அந்த டிஸ்க் என் மேசையில் இருக்கிறது. மகியங்கனைக்கு இன்னும் ஒன்றும் போகவில்லை.