கறுப்புத் துணியும் கண்ணாடித் தொட்டியும்

போராட்டமே தொழிலாகிப் போனவனுக்கு மைக் இன்னொரு கை மாதிரி. உங்களில் மேடை ஏறி நொந்தவர்களுக்கு இது தெரியும்.

எங்கள் சங்க வழக்கப்படி, சாட்சிக் கையெழுத்து வாங்கிய குற்றங்களை வரிசையாகச் சொல்கிறேன். ஒன்று: தியாகதுருகம் பக்கத்து ஓடையில் சாயப்பட்டறைக் கழிவை விட்டார்கள். இரண்டு: நாங்கள் கொடுத்த மனுவை ஊராட்சியில் தொலைத்தார்கள். மூன்று: சுத்தம் செய்ய ஓர் இயந்திரம் வைத்தார்கள், ரிப்பன் வெட்டிய அன்றோடு அது நின்றது. நான்காவது கீழே வருகிறது.

பேட்டரி விஷம்

செல்வி கருணாபுரத்துக் கூலித் தொழிலாளியின் மகள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ஓடைக்கரையில் அகலமான கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்தாள். உள்ளே ஓடையின் சிவப்புச் சாயத் தண்ணீர், அதில் தகடுகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களின் கலவை பூசியிருந்தது. அது சாயத்தை உடைத்துவிடுமாம். சார்ஜ் பண்ணுகிற பேட்டரிக்குள்ளும் இந்த மாதிரி நானோ கலவை உண்டு என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். எனக்கு அது போதும். 'ஓடையில் பேட்டரி விஷம்' என்று, கீழே கு. வேலாயுதம் என என் பெயரும் போட்டு நோட்டீஸ் அடித்தேன். அவள் ஒன்றை வாங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. அடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ங்க."

ஒரு நாள் கெடு

ஊராட்சித் தலைவர் ஒரு நாள் கெடு கொடுத்தார். சாயம் போனால் தொட்டி இருக்கலாம். போகாவிட்டால் எடுத்துவிட வேண்டும். அவளுடைய மூன்று வருஷ உழைப்பு அது.

எதை எதிர்க்கிறோமோ அதன்மேல் கறுப்புத் துணி போர்த்துவது எங்கள் சங்க வழக்கம். காலையிலேயே தொட்டியைப் போர்த்தினோம். துணியை எடுக்கச் சொல்லிச் செல்வி என் பின்னாலேயே வந்தாள். கறுப்புத் துணியைக் கண்டே பயப்படுகிறாள் என மைக்கில் சொன்னேன். ஜனம் சிரித்தது. சாயங்காலம் துணியை எடுத்துப் பார்த்தால் தண்ணீர் அதே சிவப்பு. தொட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார் தலைவர். செல்வி துணியை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இது வெயில் பட்டாதான் வேல செய்யும்ங்க. காலைலருந்து அதத்தான் சொல்லிக்கினு இருந்தேன்."

முருகேசன் காது

அவள் வெயில் என்று சொன்னது மைக் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று எங்கள் கொடி பிடிக்கும் முருகேசனிடம் புலம்பினேன். வெள்ளிமலையிலிருந்து ஜீப் பிடித்து எல்லாப் போராட்டத்துக்கும் வருகிறவன். அவன் தரையைப் பார்த்தான்.

"எனக்குக் கேட்டுச்சு தோழர். நடுவுல பேசினா உங்களுக்குக் கோவம் வரும்னு வுட்டுட்டேன்."

நான்காவது

அடுத்த கூட்டத்தில் மைக்கை அணைக்கச் சொன்னேன். பழைய மூன்றையும் படித்துவிட்டு, நான்காவதாக, வெயிலில் வேலை செய்யும் தொட்டியை மூடிவைத்துப் பொய் என்று சொன்ன குற்றத்தைப் படித்தேன். தொட்டியைத் திரும்ப வைக்க ஊராட்சியைக் கேட்டுத் தீர்மானம் போட்டோம். செல்வி கடைசி வரிசையில் இருந்தாள்.

"பேர விட்டுட்டீங்களே ஐயா. வழக்கமா அதத்தான சத்தமா படிப்பீங்க."

என் முப்பது வருஷப் பொதுவாழ்வில் சாட்சிகள் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்ட ஒரே குற்றவாளியின் பெயரை எழுந்து நின்று படித்தேன்: கு. வேலாயுதம்.